அரை நக மடிப்பு

ரிட்டயர் ஆகிவிட்டேன்; குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. இன்று காலை ஸ்டூலில் ஏறி இரும்புப் பீரோவின் தலைமேல் கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். பழைய மெத்தை உறை, ஓட்டை விழுந்த சல்லடை, உன் தங்கை கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையின் அட்டைப்பெட்டி. பெட்டி காலி என்று நினைத்துக் கீழே வீசப் போனேன். உள்ளே ஏதோ லேசாக உரசியது. மூடியைத் திறந்ததும் முந்திரிக்கொட்டை வாசனை வந்தது. உங்கள் காடாம்புலியூரில் கொட்டை சுடும் பருவத்தில் தெருவெல்லாம் ஒரு காறல் நெடி அடிக்குமே, அதன் சன்னமான மிச்சம்.

உள்ளே நீ செய்த விமானம் இருந்தது.

உனக்கு அதை வருணிக்கத் தேவையில்லை. ஆனாலும் கையில் வைத்துக்கொண்டிருப்பதால் சொல்கிறேன். துடைப்பத்து ஈர்க்குச்சி மூன்றைச் சேர்த்து நூல் சுற்றிய உடம்பு. விசேஷ வீடுகளில் டிபன் வைத்துத் தரும் தெர்மாகோல் தட்டின் அடிப்பாகத்தில் வெட்டிய இறக்கை. இரண்டு இறக்கைகளின் பின் ஓரத்திலும் கல்யாணப் பத்திரிகை அட்டையில் நறுக்கி ஒட்டிய ஒவ்வொரு சின்னப் பட்டை. மூக்கில், பாரத்துக்காக, ஓடு உடைக்காத ஒரு முந்திரிக்கொட்டை. இறக்கை கொஞ்சம் மஞ்சளித்திருந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. அதாவது, பெட்டியைத் திறந்த நேரத்தில் இல்லை. அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் இதற்கா இவ்வளவு என்று கேட்பார்கள்.

பதினான்கு மாதமாக இதைத் தேடினேன். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பிப் போகும் அன்று, வாசலில் கார் வந்து நின்ற பிறகு, நம் மகள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மா செஞ்ச ஏரோப்ளேன் இருந்தா எடுத்து வைங்கப்பா. பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா."

கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான். அவளுக்கும் எனக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரே வழியும் அதுதான். பரண், கட்டில் அடி, சமையலறைச் சுவர் அலமாரி, அரிசி டிரம் எல்லாவற்றிலும் தேடினேன். பீரோவின் தலையில் மட்டும் தேடவில்லை. ஏன் அவ்வளவு உயரத்தில் வைத்தாய் என்பது இன்று மத்தியானம்தான் எனக்கு விளங்கியது.

நான் முப்பத்து நான்கு வருஷம் சுரங்கத்தில் பெல்ட் பார்த்தவன். கிலோமீட்டர் கணக்கில் நீளும் ரப்பர் பெல்ட், மண்ணையோ கரியையோ சுமந்துகொண்டு உருளைகளின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும்போது சில சமயம் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒதுங்கினால் சரக்கு கொட்டும், ஓரம் கிழியும். அதை நேராக்குவதுதான் என் பிழைப்பு. உருளையின் தாங்கியில் சுத்தியலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆனால் உடனே அடுத்த தட்டுத் தட்டக்கூடாது. பெல்ட் முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை கைகட்டி நிற்க வேண்டும். அவசரப்பட்டவன் பெல்ட்டைக் கிழிப்பான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கற்றுக்கொண்ட பாடம் அது. அதை ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கோணலாக எது கண்ணில் பட்டாலும் என் கை சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். காலண்டர், கால்மிதி, உன் முந்தானை, தட்டின் ஓரத்தில் நீ வைத்த அப்பளம். போகிற போக்கில் நேராக்கிவிட்டுப் போவேன். உங்கம்மா உங்க கண்ணுல கொத்தனார் ரசமட்டம் வச்சிப் பெத்தாங்களா என்று கேட்பாய். விருந்தாளிகள் வந்தால் முதலில் என் கையில் எதையாவது பிடிக்கக் கொடுத்துவிடுவாய். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

மகள் கல்யாண விஷயத்தில் நான் செய்ததும் அந்தப் பெல்ட் வேலைதான். மந்தாரக்குப்பத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த பாயின் மகன். நம் வீட்டுக் குக்கர் முதல் குத்துவிளக்கு வரை அந்தக் கடையில் வாங்கியதுதான். சென்னையில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள், பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள், பிறகு நம்மிடம் சொன்னார்கள். பையன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, சொல்லிவிட்டுச் செய்யாமல் செய்துவிட்டுச் சொன்னாளே என்பதுதான் என் கோபம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை என்று உனக்கு மட்டும் தெரியும். நீ அதை ஒரு நாளும் வெளியே சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசிடுங்க என்று நீ சொன்னபோதெல்லாம், "ஒரு சுத்து வரட்டும்" என்றேன். நான் அவளிடம் பேசாமல் இருப்பதுதான் தட்டு. அவள் தானாக வந்து நேராவது சுற்று. என் கணக்கு அப்படி இருந்தது.

அவர்கள் மஸ்கட் போனார்கள். அங்கே குழந்தை பிறந்தது. நீ சமையலறையில் குக்கர் சத்தத்துக்கு நடுவே போனில் பேத்தியைப் பார்ப்பாய். நான் ஹாலில் டிவியின் ஒலியைக் குறைத்து வைத்துவிட்டு, செய்தி பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். நான் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் குழந்தை பேசும்போது மட்டும் போனை வாசல் பக்கமாகத் திருப்பிப் பிடிப்பாய்.

ஒரு நாள் சோறு போடும்போது, மஸ்கட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்க வேண்டும் என்றாய். நான் சாப்பாட்டுத் தட்டை நேராக நகர்த்தி வைத்தேன். நீயே தொடர்ந்து, ஆனா ஏரோப்ளேன்தான் பயமா இருக்குது என்றாய். சென்னையிலிருந்து கிளம்பியதும் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்ததாம், ஜன்னலுக்குக் கீழே கடல் நேராகத் தெரிந்ததாம், மகள் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து உனக்கு அதே யோசனை. பஸ் திரும்பினால் கீழே ரோடு இருக்கிறது, ரயில் திரும்பினால் தண்டவாளம் இருக்கிறது.

"ஒண்ணுமே இல்லாத எடத்துல அது எதைங்க புடிச்சிகினு திரும்பும்?"

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு என்று நான் எப்போது ஒப்புக்கொண்டிருக்கிறேன்? பெல்ட் ஒதுங்கினால் உருளையைத் திருகுவது போல, விமானத்தின் வாலில் செங்குத்தாக ஒரு பலகை இருக்கிறது, அதைத் திருப்பினால் திரும்பிவிடும் என்று சொன்னேன். பெல்ட்டுக்குக் கீழ உருளை இருக்குது, இதுக்குக் கீழ இன்னா இருக்குது என்று கேட்டாய். காற்று என்றேன். காத்துமேல போறது சாஞ்சா வுழுந்துடாதா என்றாய். சாயாது என்று அடித்துச் சொன்னேன். அவள் சாஞ்சதுன்னு சொன்னாளே என்றாய். செய்தே காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

முதல் விமானத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியிலிருந்த தெர்மாகோலை அறுத்து இறக்கை செய்தேன். ஒட்டுவதற்கு, பெல்ட் ஜாயின்ட் போடும் இடத்தில் டப்பாவின் அடியில் மிஞ்சிக் காயப்போகிற சொல்யூஷனைக் கேட்டு வாங்கி வந்தேன். கரியும் மண்ணும் சுமக்கிற பெல்ட்டையே பிரியாமல் பிடிக்கிற பசை, இந்தப் பஞ்சு இறக்கையைப் பிடிக்காதா என்று உன்னிடம் பெருமையடித்தேன். தடவினேன். அடுப்பில் வைத்த வெண்ணெய் மாதிரி தெர்மாகோல் குழிந்து உருகி உள்ளே போய்விட்டது. ஒட்டுவதற்கு இறக்கையே மிச்சமில்லை. நீ வாயில் முந்தானையை வைத்து அடக்கிப் பார்த்தாய், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாய். மகள் போன பிறகு உன் சிரிப்பைக் கேட்டது அன்றுதான்.

அடுத்ததை நீயே செய்தாய். மைதா மாவைக் காய்ச்சிப் பசையாக்கினாய். கனமான தெர்மாகோல் வேண்டாம், டிபன் தட்டு போதும் என்றாய். முதல் தடவை எறிந்தபோது மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய், ஒரு நொடி நின்று, வால் கீழாக விழுந்தது. பின்னால் கனம் அதிகம் என்று உனக்கு உடனே தெரிந்துவிட்டது. இறக்கையின் கீழே இரண்டு பக்கமும் விரல் வைத்துத் தூக்கிப் பார்த்தாய். எந்த இடத்தில் தூக்கினால் தராசு முள் மாதிரி நிற்கிறதோ, அந்த இடம் இறக்கையின் முன்னோரத்துக்குக் கொஞ்சம் பின்னால் வரும்வரை மூக்கில் எதையாவது மாட்டிக்கொண்டே போனாய். புளியங்கொட்டை பற்றவில்லை. ஒரு ரூபாய்க் காசு அதிகமாகி, மூக்கால் தரையைக் குத்தியது. உன் அண்ணன் கொடுத்தனுப்பிய பையிலிருந்து ஒரு முந்திரிக்கொட்டையை எடுத்துக் கட்டினாய். சரியாக நின்றது. எங்கூர்க்காரன் எங்க போனாலும் ஒதவுவான் என்று சொன்னாய்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் நமக்கு மைதானம்தான். எதிர் பிளாக்கில் குடியிருந்த கிரேன் ஆபரேட்டர் நம்மைப் பார்த்து, ஓடுதளத்துல சர்வீஸ் ஆரம்பிச்சிட்டாங்களா சார், எங்களுக்குச் சொல்லவே இல்லையே என்று கிண்டல் செய்வார். டவுன்ஷிப்பின் ஓடுதளத்தில் விமானம் வரப்போகிறது வரப்போகிறது என்று பேசிப் பேசியே நம் தலைமுறைக்கு நரை விழுந்துவிட்டது. நீ மட்டும் கூச்சப்படாமல், டிக்கட் வேணும்னா சொல்லுங்க என்று அவருக்குப் பதில் கொடுப்பாய்.

விமானம் நேராகப் போனது. திரும்பத்தான் மாட்டேன் என்றது. நான் என் கட்சியை நிரூபிக்க, வாலின் செங்குத்துப் பலகையை இடதுபக்கமாக மடித்து எறிந்தேன். மூக்கு என்னவோ இடதுபக்கம் பார்த்தது. உடம்பு பழைய திசையிலேயே, மழையில் பிரேக் போட்ட வண்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போய் வேலியில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் மடித்தேன். இன்னும் மோசமாக வழுக்கியது. கொஞ்சமாகத் தட்டி ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும் என்று உனக்குப் பாடம் நடத்தினேன். நீ காதில் வாங்கவில்லை. மைதானத்தின் ஓரமாக சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் தண்ணீர்த் தொட்டி மூலையில் வளைந்து திரும்பினாள்.

"நானும் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்தாங்க ஓட்டுனேன். ஹேண்டில்பாரத் திருப்புனா வுழுந்துருவோம். சாஞ்சாத்தான் திரும்பும்."

அன்று ராத்திரிச் சோற்றுக்கு முன்பே பத்திரிகை அட்டையை நறுக்க ஆரம்பித்துவிட்டாய். ஏன் பத்திரிகை அட்டை என்று கேட்டேன். மடிச்சா மடிச்சபடி நிக்கும் என்றாய். யார் யார் வீட்டுப் பத்திரிகையோ. நம் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் பத்திரிகை அடிக்கவில்லையே என்று நான் நினைத்தேன். நீயும் நினைத்திருப்பாய்.

இடது இறக்கையின் பட்டையை மேல்நோக்கியும் வலது இறக்கையின் பட்டையைக் கீழ்நோக்கியும் மடித்தாய். கீழே மடித்த பக்கத்தைக் காற்று தூக்கும், மேலே மடித்த பக்கத்தை அமுக்கும், அப்போ இடதுபக்கமாகச் சாயும் என்றாய். சாய்ந்ததும் இறக்கையைத் தூக்குகிற காற்று நேர்மேலே தூக்காமல், சாய்ந்த பக்கமாக இழுக்கும். அந்த இழுப்பில்தான் விமானம் திரும்புகிறது. வால் பலகை மூக்கு விலகாமல் பார்த்துக்கொள்ளும் துணைதான். இதையெல்லாம் நீ போனில் ஒரு வீடியோவைப் பார்த்து உறுதி செய்துகொண்டு எனக்குச் சொன்னாய். முப்பத்து நான்கு வருஷ அனுபவக்காரன் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

முதலில் ஒரேயடியாகச் சாய்ந்து சுழன்று விழுந்தது. இறக்கைகளின் இரு நுனிகளையும், கும்பிடக் கையெடுக்கிற மாதிரி, லேசாக மேலே தூக்கி ஒட்டினாய். சாயும்போது மூக்கு இறங்காமல் இருக்க வாலின் பின் ஓரத்தையும் துளி மேலே நிமிர்த்தினாய். பட்டை மடிப்பைக் குறைத்துக்கொண்டே வந்தாய். மூன்றாவது ஞாயிறு என்று நினைக்கிறேன். நீ எறிந்தாய். அது பதறாமல் இடதுபக்கமாகச் சாய்ந்து, வேப்பமரத்துக்கு முன்னால் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, திரும்பி வந்து, உன் காலடிக்கு இரண்டடி தள்ளிப் புல்லில் இறங்கியது. நீ கை தட்டவில்லை, கத்தவில்லை. குனிந்து எடுத்துப் பட்டையைப் பார்த்தாய்.

"அரை நகம் மடிச்சா போதுங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போது, இப்போ பயம் போய்விட்டதா என்று கேட்டேன். சாயறது வுழறதுக்கு இல்ல, திரும்பறதுக்குன்னு தெரிஞ்சிபோச்சு, இனிமே இன்னா பயம் என்றாய். உன் கட்சியை நீ ஜெயித்துவிட்டாய். விமானம் செய்யக் கற்றுக்கொண்டதெல்லாம் விமானத்துக்காக இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உனக்குத்தான் பயமாயிற்றே என்பது தொடங்கி, போகாமலிருக்க என் பக்கத்தில் மிச்சமிருந்த சாக்கை ஒன்றொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் வீடியோ காலில் குழந்தைக்குக் காட்டினாய். போனை மகள் பிடித்திருக்க, இந்தப் பக்கம் நம் போனைப் பால்காரர் மனைவி பிடித்துக்கொள்ள, நீ வாசலில் நின்று எறிந்தாய். ஆயா கையிலேர்ந்து போயி ஆயாகிட்டயே வந்துடும் பாரு என்றாய். வந்தது. அந்தக் குழந்தை சிரித்த சத்தம் ஹால்வரை கேட்டது. ஆயா வரும்போது எடுத்துகினு வரேன் என்று வாக்குக் கொடுத்தாய்.

கடலூர் போய் இரண்டு பேரும் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தோம். வந்துவிட்டது. உன் போட்டோவில் நீ சிரிக்கக் கூடாது என்று சொல்லியும் உதடு லேசாகச் சிரித்திருந்தது. எப்போது போகலாம் என்று கேட்டாய். பெல்ட் மாற்றும் வேலை இருக்கிறது என்றேன். முடிந்தது. மழை நிற்கட்டும் என்றேன். நின்றது. ரிட்டயர் ஆகட்டும், நிம்மதியாகப் போகலாம் என்றேன். உண்மை என்னவென்றால், அவள், "அப்பா வாங்க" என்று ஒரு வார்த்தை என்னிடம் நேராகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவளும் என்னிடமிருந்து ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள். உன்னைத் தனியாக அனுப்பலாம் என்று உன் அண்ணன்கூடச் சொன்னார். நீ மறுத்தாய். அன்று நீ சொன்னதை நான் தினமும் கேட்கிறேன்.

"ஏறுறப்ப தனியா ஏறிடுவேன். அது சாய்றப்ப பக்கத்துல நீங்க இருக்கணும், அவ்ளோதான்."

ஒரு சுத்து வரட்டும் என்றேன். கடைசியாக நான் உன்னிடம் அதைச் சொன்னது ஒரு திங்கட்கிழமை. வியாழக்கிழமை நான் முதல் ஷிஃப்டில் இருந்தேன். நீ கொடிக்கயிற்றில் படிந்த சாம்பல் தூசியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். எதிர் வீட்டம்மா பார்த்து ஓடி வந்திருக்கிறார். எனக்குச் சொல்லியனுப்பி நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அங்கே என் பெல்ட் நின்றதாகத் தெரியவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

மகள் மறுநாள் வந்தாள். அழுது ஓய்ந்த பிறகு, கூடத்தில் கூட்டம் குறைந்த நேரத்தில், என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கையைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது.

"அம்மாவத் தனியாவாவது அனுப்பிருக்கலாம்லப்பா."

சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். மன்னித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்திலும் அவள் தோளுக்குப் பின்னால் சுவரில் மாட்டிய உன் போட்டோ கொஞ்சம் கோணலாக இருந்ததைத்தான் என் கண் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை நேராக்கினேன். திரும்பிப் பார்க்கும்போது அவள் உள்ளே போய்விட்டிருந்தாள். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள். நானும் ஆயிற்று என்பேன். அதோடு சரி.

இன்று காலைக்கு வருகிறேன். பெட்டியிலிருந்து விமானத்தை எடுத்தேன். உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே அதைப் பார்த்தேன். இடது பட்டை மேலே, வலது பட்டை கீழே, ஒன்றுக்கொன்று பொருந்தாமல் கோணலாக இருந்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. பெருவிரலால் இரண்டு பட்டையையும் நீவி நேராக்கினேன். வாலின் பின் ஓரத்தையும் தடவிச் சமமாக்கினேன். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். கிடைத்துவிட்டது என்று எழுதினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளிடமிருந்து உடனே பதில் வந்தது. இவ்வளவு சீக்கிரம் எனக்கு அவள் பதில் போட்டதே இல்லை. "பாப்பா குதிக்கிறா. அது சுத்தி வருமான்னு கேக்கறா."

அதைப் படித்த பிறகுதான் என் பெருவிரலைப் பார்த்தேன்.

மைதானத்துக்குப் போனேன். உச்சி வெயில், ஆள் இல்லை. நீ நின்ற இடத்தில் நின்று எறிந்தேன். நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் வேலியில் விழுந்தது. திரும்பவே இல்லை. அவ்வளவு நேர்த்தியாக நான் எந்தப் பெல்ட்டையும் ஓட்டியதில்லை. அந்தப் புடவைப் பெட்டியை என் கைக்கு எட்டாத உயரத்தில் ஏன் வைத்தாய் என்று வேலியில் குனிந்து அதை எடுக்கும்போது விளங்கியது. என்னிடமிருந்துதான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தாய்.

அரை நகம் என்றாயே. பட்டையின் ஓரத்தில் என் பெருவிரல் நகத்தை வைத்து, பாதி அளந்து மடித்தேன்; வாலின் ஓரத்தையும் துளி நிமிர்த்தினேன். சுத்தியல் பட்டுப் பட்டுத் தடித்து அகன்ற நகம் இது. விமானம் மொத்தமாகச் சாய்ந்து, சுழன்று, மூக்கால் தரையைக் குத்தியது. மடிப்பைக் குறைத்தேன். நேராகப் போனது. கூட்டினேன். சுழன்றது. சுண்டுவிரல் நகத்தால் அளந்து பார்த்தேன். கால் நகம், முக்கால் நகம், எதுவும் சரியாக வரவில்லை. ஒரு தட்டுத் தட்டி ஒரு சுற்றுப் பார்க்கிற பொறுமை இன்று என்னிடம் இல்லை. இருபது தடவைக்கு மேல் மடித்து நிமிர்த்தியதில் இடது பட்டை மடிப்பிலேயே கிழிந்து தொங்குகிறது. முந்திரிக்கொட்டை நூலை விட்டுக் கழன்று புல்லில் உருண்டது. தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

மகளின் கேள்வி போனில் அப்படியே இருக்கிறது. நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும். வரும் என்று எழுதி அழித்தேன். வராது என்று எழுதி அழித்தேன். அப்பாதான் கெடுத்துவிட்டேன் என்று எழுதினால், இதையுமா என்று அவள் கேட்க மாட்டாள். கேட்காமலே இருந்துவிடுவாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வேறொன்று செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தட்டு கடையில் கிடைக்கும். ஈர்க்குச்சி இருக்கிறது, பத்திரிகை அட்டைக்கும் பஞ்சமில்லை. பசை காய்ச்சக்கூடத் தெரியும். அந்த அரை நக அளவு ஒன்றுதான் இல்லை. முப்பத்தொரு வருஷம் உன் கையால் சாப்பிட்டிருக்கிறேன், காய்ச்சலில் அந்தக் கை என் நெற்றியில் இருந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன். தேய்ந்த வளையல் தெரிகிறது. மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு தெரிகிறது. விரல்கூடத் தெரிகிறது. நகம் மட்டும் தெரியவில்லை. உன் நகம் எவ்வளவு இருந்தது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.